உங்க அப்பாகிட்ட சொல்லு

"உங்க அப்பாகிட்ட சொல்லு, உப்பு அவரு கைக்கிட்டயேதான் இருக்கு" என்றாள் அம்மா.

உப்பு அப்பாவின் கைக்கருகில்தான் இருந்தது. அப்பா அம்மாவுக்கு நேர் எதிரில் இருந்தார். நடுவில் ஒரு சாப்பாட்டு மேசை. கையை நீட்டினால் எதிரில் இருப்பவர் காதைத் திருகிவிடலாம், அவ்வளவுதான் அதன் அகலம்.

"அப்பா, உப்பு உங்க கைக்கிட்டயேதான் இருக்காம்."

"உங்க அம்மாகிட்ட சொல்லு, நான் உப்பைத் தேடல. ஸ்பூனைத் தேடறேன்."

"அம்மா, ஸ்பூனைத் தேடறாராம்."

"அது உப்புக்குள்ளயே குத்தி நிக்குது. கண்ணாடிக்கடை வச்சிருக்கறவருக்கே கண்ணு தெரியலன்னா ஊருக்கு யாரு கண்ணு பாக்கறது?"

"இதையும் சொல்லணுமா?"

"அதைத்தான் முக்கியமா சொல்லணும்."

உம்மு சொன்னாள்.

உம்மு என்பது அவள் பெயரல்ல. ஆறாம் வகுப்பில் யாரோ அவளுக்கு உம்மணாமூஞ்சி என்று பட்டம் வைத்தார்கள். அதை முழுதாகச் சொல்ல வாய் வலித்ததால் ஏழாம் வகுப்புக்குள் உம்மு ஆகிவிட்டது. பிறகு அது பள்ளியிலிருந்து வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது அவள் பத்தாம் வகுப்பு. வைத்த பட்டத்துக்கு அவள் இதுவரை எந்தக் குறையும் வைத்ததில்லை. பள்ளி விட்டு வந்தால் நேராக அறைக்குள் போவாள், கதவு சாத்தப்படும். "சாப்டியா?" என்றால் "ம்." "பரீட்சை எப்படி?" என்றால் "ம்." "ஏன் ஒரு மாதிரி இருக்க?" என்றால் "ம்ச்." அப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையை அப்பாவின் டிரைவிங் டெஸ்ட் வந்து கெடுத்தது.

அம்மா டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஊரில் பாதிப் பேர் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் முதன்முதலில் கிளட்சை மிதித்திருக்கிறார்கள். அவள் பக்கத்துக்கும் ஒரு பிரேக் வைத்த கார் அது. பழக்க தோஷம், வீட்டில் டிவி பார்க்கும்போது திரையில் எவனாவது வேகமாக வந்தால்கூட அவள் கால் தரையை அழுத்தும். அப்பாவுக்குக் கடைத்தெருவில் கண்ணாடிக்கடை. ஊரில் மீதிப் பாதிப் பேர் எழுத்துப் பலகைக்கு எதிரில் உட்கார்ந்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்ற அவர் கேள்விக்கு பதில் சொன்னவர்கள்.

நாற்பது தாண்டிய பிறகு அப்பாவுக்குக் கார் ஓட்டும் ஆசை வந்தது. அம்மாவே கற்றுக்கொடுத்தாள். டெஸ்ட் அன்று ரிவர்ஸ் எடுத்த அப்பா, நட்டு வைத்திருந்த கம்பங்களில் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து, கீழே கிடந்ததையெல்லாம் பார்த்துவிட்டு, "உங்களுக்கு யாருங்க சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார். அப்பா காருக்குள் இருந்தபடியே விரலை நீட்டினார். அந்தப் பக்கம் அம்மா தன் மாணவர்கள் புடைசூழ நின்றிருந்தாள்.

"இவரு யாருன்னே எனக்குத் தெரியாது சார்" என்றாள் அம்மா.

அப்பா பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தார். அன்று மாலை நடந்த பேச்சில், அம்மாவுக்குக் கம்பம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே சரியாகத் தெரியவில்லை, அதனால்தான் தப்பாகக் கற்றுக்கொடுத்தாள் என்று அப்பா ஒரு விளக்கம் கொடுத்தார். அம்மா மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "இதுக்குப் பவர் பாத்துக் குடுத்த புண்ணியவான் யாரு?" என்றாள்.

அதோடு பேச்சு நின்றது. சமையலைக் குறை சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். இது தொழில்.

பிறகு எல்லாமே உம்மு வழியாகத்தான். "கேஸ் தீந்துபோச்சுன்னு சொல்லு." "எனக்குத் தெரியும்னு சொல்லு." "தெரிஞ்சா ஏன் சொல்லி வைக்கலன்னு கேளு." அம்மா விடியற்காலையிலேயே முதல் வகுப்புக்குக் கிளம்பிவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா, "நடக்கப் போறேன். யாராவது கேட்டா சொல்லு" என்று, கேட்க யாரும் இல்லாத வீட்டில் உம்முவிடம் அறிவித்துவிட்டுப் போவார். சாயங்காலம் இருவரும் திரும்பினால் உம்முவுக்கு வேலை தொடங்கிவிடும். அறைக்குள் போய்க் கதவில் கை வைத்தால் போதும், "உம்மு, உங்க அப்பாகிட்ட சொல்லு" என்று ஒரு குரல் வரும்.

அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அலுப்பைவிடப் பெரிதாக ஒரு பயம் இருந்தது. வகுப்பில் ஒருத்தியின் அப்பாவும் அம்மாவும் முதலில் பேச்சை நிறுத்தினார்கள், அப்புறம் ஒரே வீட்டில் இருப்பதை நிறுத்தினார்கள். இப்போது அவளுக்கு இரண்டு வீட்டிலும் பல் துலக்கும் பிரஷ் இருக்கிறது. தினமும் பல் துலக்கும்போது உம்முவுக்கு அந்த இரண்டாவது பிரஷ் ஞாபகம் வரும். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் பழக்கமும் அவளுக்கு இல்லை.

பள்ளியில் சொல்ல ஒருத்தி இருந்தாள், ஒட்டடை. குச்சி மாதிரி உயரமாக வளர்ந்ததால் அந்தப் பெயர். சின்ன வயதிலிருந்து உம்மு பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். உம்மு பேசாததையும் சேர்த்து அவளே பேசுவாள். இந்த வருடம் அவள் முன் பெஞ்சுக்குப் போய்விட்டாள், மாடல் பேப்பர் பக்கத்தில்.

மாடல் பேப்பர் புதிதாக வந்து சேர்ந்த பெண். கையெழுத்து, தலைமுடி, மதிப்பெண் எல்லாம் அச்சடித்த மாதிரி இருக்கும். அதுகூடப் பரவாயில்லை. சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக அப்பா, அம்மா இருவருமே வந்தார்கள். அப்பா பையை வாங்கிக்கொள்வார். அம்மா கார் கதவைத் திறந்து, "இன்னிக்கு நாள் எப்படிப் போச்சு செல்லம்?" என்பார். மாடல் பேப்பர் ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். மனசு நிறைந்திருப்பவர்களுக்குப் பேச்சு எதற்கு என்று உம்மு பொறாமையோடு பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"அவங்க அப்பாம்மா எவ்ளோ ஸ்வீட் பாத்தியா?" என்றாள் ஒட்டடை ஒருநாள்.

உம்முவுக்குள் எதுவோ சுருக்கென்றது. "எங்க அப்பாம்மா மட்டும் என்னவாம்? ஒருத்தரையொருத்தர் விட்டு நகர மாட்டாங்க. நாள் பூரா பேசிக்கிட்டே இருப்பாங்க. எனக்குப் படிக்கவே முடியாது."

"நிஜமாவா?"

"எங்க அப்பா பாட்டெல்லாம் பாடுவாரு."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் பேசாதவர்கள் பேசும்போது எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை.

"அப்ப சனிக்கிழமை மீட்டிங்குக்கு ரெண்டு பேரும் வருவாங்கல்ல? நான் பாத்தே ஆகணும்" என்றாள் ஒட்டடை.

அன்று சாயங்காலம் உம்மு விஷயத்தை அம்மாவிடம் சொன்னாள். அம்மா, "நான் வரேன். உங்க அப்பாகிட்ட சொல்லு, அவரு வரவேணாம். பள்ளிக்கூட வாசல்லயும் கம்பமெல்லாம் நட்டு வச்சிருப்பாங்க" என்றாள்.

உம்மு கடைத்தெருவுக்கு நடந்தாள். வழியெல்லாம் அந்த வாக்கியத்தை வாய்க்குள் போட்டு உருட்டினாள். கடை வாசலை மிதித்தபோது அது வேறு வாக்கியமாகிவிட்டது.

"அப்பா, சனிக்கிழமை மீட்டிங்குக்கு நீங்களும் வந்தா நல்லா இருக்கும்னு அம்மா சொன்னாங்க."

அப்பா ஒரு ஃபிரேமின் காதில் ஸ்க்ரூ மாட்டிக்கொண்டிருந்தார். கடுகளவு ஸ்க்ரூ. அது கையை விட்டு விழுந்து எங்கேயோ ஓடியது. இருவரும் மேசைக்கு அடியில் மண்டியிட்டுத் தேடினார்கள்.

"நல்லா இருக்கும்னா சொன்னா?" அப்பாவின் குரல் நாற்காலிக் கால்களுக்கு நடுவிலிருந்து வந்தது.

"ஆமா."

"அந்த வார்த்தையவே சொன்னாளா?"

"ஆமாப்பா."

"எப்படிச் சொன்னா? சொல்லிக் காட்டு."

உம்மு சொல்லிக் காட்டினாள். குரலில் கொஞ்சம் குழைவு சேர்த்தாள். அப்பா ஸ்க்ரூவைத் தேடுவதை விட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்க அம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்காங்க."

"நல்லா இருக்கறவ இப்படிப் பேசமாட்டா. நீ கவனிச்சுக்கிட்டே இரு. தினமும் கடைக்கு வந்து எனக்கு ஒண்ணுவிடாம சொல்லு. சரி, வரேன்னு சொல்லிடு. ஆனா அவ வண்டில ஏற மாட்டேன். அதையும் சொல்லு."

வீட்டுக்கு வரும் வழியில் இந்த வாக்கியமும் உருண்டது. அன்றைய கடைசி வகுப்பையும் முடித்து, டிரைவிங் ஸ்கூல் காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு அம்மா அப்போதுதான் சாவியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா வராராம். உன் வண்டியிலயே வரணும்னு ஆசையா இருக்காம்."

நிற்கிற காரில் அம்மா பிரேக்கை அழுத்தினாள்.

"ஆசையா?"

"ஆமா."

"ஏறி உக்காரு. முதல்லேர்ந்து சொல்லு. நீ போனப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு, என்ன கேட்டாரு, எப்படிக் கேட்டாரு?"

உம்மு முன் சீட்டில் உட்கார்ந்து எல்லாம் சொன்னாள். உண்மையும் பொய்யும் கலந்து, வெளியே விளக்குகள் எரியத் தொடங்கும்வரை சொன்னாள். கடைசியில் அம்மா ஸ்டியரிங்கில் தாடையை ஊன்றிக்கொண்டு, "கடையில ஏதோ பண்ணிட்டாரு. எதையோ வித்துட்டாரு. இல்லன்னா இந்தப் பணிவு வராது. நீ தினமும் கடைக்குப் போய்ப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றாள்.

ஆக, தூதுவேலையோடு இப்போது உளவுவேலையும் சேர்ந்துகொண்டது, அதுவும் இரண்டு பக்கத்துக்கும்.

தினமும் சாயங்காலம் உம்மு கடைக்குப் போனாள். கண் பார்க்கிற உயரமான நாற்காலியில் அப்பா அவளை உட்கார வைப்பார். "இன்னிக்கு எப்படி இருந்தா? நல்லா சாப்டாளா? படிக்கட்டு ஏறினா மூச்சு வாங்குதா?" அம்மாவின் உடல்நிலை அறிக்கை முடிந்ததும், வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரமாக இருக்கும், "அப்புறம்?" என்பார். அந்த "அப்புறம்?"தான் ஆபத்து. ஒருநாள் ஒட்டடை முன் பெஞ்சுக்குப் போன கதை முழுவதும் அதில் வெளியே வந்து விழுந்தது.

"அந்த மாடல் பேப்பர் கண்ணாடி போடுமா?" என்று கேட்டார் அப்பா.

"போடாது."

"அப்ப நமக்கு ஒண்ணும் பிரயோஜனமில்ல" என்று லென்ஸைத் துடைத்தார். உம்முவுக்கு எதனாலோ சிரிப்பு வந்தது.

ஆனால் வீட்டு நிலவரம் மோசமாகிக்கொண்டே போனது. "உங்க அம்மா கண்ணை மறுபடி டெஸ்ட் பண்ணணும்னு சொல்லு" என்று அப்பா ஒரு குத்தல் அனுப்பினார். உம்மு அதைப் பதமாக்கி, "உன் கண்ணைப் பத்தி அப்பா கவலைப்படறாரும்மா" என்று சேர்த்தாள்.

அம்மா முகம் வெளுத்தது. "என் கண்ணுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"தொழில் தெரிஞ்சவரு சும்மா கவலைப்படுவாரா? எதையோ பாத்திருக்காரு." அம்மா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் படித்தாள். பிறகு மறு கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தாள். "உண்மையச் சொல்லு உம்மு. என்னதான் சொன்னாரு?"

வேறு வழியில்லை. "கண்ணு அழகா இருக்குன்னு சொன்னாரு."

அம்மா கண்ணைப் பொத்தியிருந்த கையை எடுத்தாள்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்லாதவரு" என்றாள் அம்மா மெதுவாக.

"இப்ப சொன்னாரு."

"அப்ப நிச்சயமா கடை போச்சு" என்று அம்மா கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டாள். உம்மு அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, கடை எங்கேயும் போகவில்லை என்று நெடுநேரம் பேசித் தேற்ற வேண்டியதாயிற்று.

அந்தப் பக்கமும் அதே கதைதான். "மறுபடி டெஸ்டுக்குப் போறதா இருந்தா வேற ஸ்கூல் பாத்துக்கச் சொல்லு" என்றாள் அம்மா. உம்மு அப்பாவிடம், "அம்மாவே மறுபடி சொல்லித் தராங்களாம்" என்றாள். அப்பா எழுத்துப் பலகையின் விளக்கை அணைத்தார்.

"டாக்டர் எவ்வளவு நாள் குடுத்திருக்காராம்?" என்று கேட்டார்.

வீட்டில்தான் இப்படி என்றால், பள்ளியில் ஒட்டடையின் வாய் சும்மா இருக்கவில்லை. வகுப்பு மிஸ் உம்முவை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். அறிவியல் நோட்டுகளின் குவியலுக்குப் பின்னாலிருந்து எழுந்து, அவள் தோளில் கை வைத்தார்.

"உங்க வீட்டைப் பத்திக் கேள்விப்பட்டேன். ரொம்பச் சந்தோஷம். சனிக்கிழமை உங்க அப்பாவும் அம்மாவும் மேடைக்கு வந்து மத்த பெற்றோருக்காக ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும்."

"எதைப் பத்தி மிஸ்?" உம்முவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"வீட்டில் மனம்விட்டுப் பேசுவது எப்படி."

உம்மு வகுப்புக்குத் திரும்பினாள். வாசலில் மாடல் பேப்பர் நின்றிருந்தாள். உம்முவோடு அதுவரை பேசாதவள், அன்று தானாக வந்து பேசினாள்.

"எங்க அம்மா உங்க அம்மாகிட்டதான் டிரைவிங் சேந்திருக்காங்க. தினமும் காலைல முதல் வகுப்பு."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம் என்று உம்மு நாள் முழுக்க யோசித்தாள். மாடல் பேப்பரின் அம்மா தினமும் ஒரே காரில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறார் என்றால் உம்முவின் அம்மா எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள். வகுப்புக்கே விஷயம் தெரிய இன்னும் எத்தனை நாளாகும்?

வேறு வழியில்லாமல் அவள் ஒத்திகையில் இறங்கினாள். மேடைப் பேச்சு விஷயத்தைச் சொல்லிவிட்டு, இருவரிடமும் தனித்தனியாக ஒரே பொய்யைச் சொன்னாள்: அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளாத வீடு என்று தெரிந்தால், அந்தப் பிள்ளையைப் பள்ளியில் தனியாக உட்கார வைத்து வாராவாரம் ஆலோசனை கொடுப்பார்கள்.

"பேசிக்கற மாதிரி நடிச்சாப் போதும்" என்றாள் அப்பாவிடம், கடையில். "வண்டி நின்னதும் நீங்க போய் அம்மா பக்கத்துக் கதவைத் திறக்கணும். கைப்பையை வாங்கித் தோள்ல மாட்டிக்கணும். எது சொன்னாலும் 'நீ சொன்னா சரிதான்'னு சொல்லணும்."

"எது சொன்னாலுமா?"

"எது சொன்னாலும்."

"நீ சொன்னா சரிதான்" என்று அப்பா ஒரு முறை சொல்லிப் பார்த்தார். "கசக்குது" என்றார்.

அம்மாவிடம், சமையலறையில்: "அப்பா பேசறப்ப அவரு மூஞ்சியப் பாக்கணும். சிரிக்கணும். இந்தச் சிரிப்பு இல்ல. இது டெஸ்ட்ல தோத்தவங்களப் பாத்துச் சிரிக்கிற சிரிப்பு."

"வேற எதுவும் எங்கிட்ட இல்ல."

"கண்டுபிடி."

அம்மா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே நாலைந்து விதமாகச் சிரித்துக் காட்டினாள். உம்மு ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கடைசியில் இருவருக்குமே உண்மையாகச் சிரிப்பு வந்துவிட்டது. "இதான், இதைப் புடிச்சுக்க" என்றாள் உம்மு.

சனிக்கிழமை காலையில் நாற்காலி போடும் வேலை இருந்ததால் உம்மு முன்னாலேயே பள்ளிக்குப் போய்விட்டாள். பெற்றோர்கள் வரத் தொடங்கினார்கள். மாடல் பேப்பரின் அப்பாவும் அம்மாவும் மகளை நடுவில் விட்டு நடந்து வந்தார்கள். உம்மு ஒட்டடையுடன் வாசலில் நின்று கைவிரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்துக்கொண்டிருந்தாள்.

தலையில் பலகை மாட்டிய டிரைவிங் ஸ்கூல் கார் வாசலில் திரும்பியது. ஓட்டிக்கொண்டு வந்தவர் அப்பா.

பக்கத்தில் அம்மா, இரண்டாவது பிரேக்கோடு. நிறுத்துவதற்கு மைதானத்தில் மிச்சமிருந்தது ஒரே ஓர் இடம், இரண்டு புத்தம்புது கார்களுக்கு நடுவில். அப்பா கண்ணாடியில் பார்த்தார். ரிவர்ஸ் எடுத்தார். கார் ஒரே மூச்சில், எதையும் உரசாமல், உறைக்குள் கத்தி போவதுபோல இடத்துக்குள் போய் நின்றது. மேடையைப் பற்றிய பயம் மனிதரை இப்படியும் ஓட்ட வைக்கும் போல என்று உம்மு நினைத்துக்கொண்டாள்.

அப்பா இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்தார். கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். எல்லாம் சொல்லிக்கொடுத்தபடி. ஆனால் அம்மா நின்று, அப்பாவின் காலரில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்து ஊதிவிட்டாள். இது ஒத்திகையில் இல்லை. சொல்லாததையெல்லாம் செய்து மாட்டிவைக்கப் போகிறாள் என்று உம்மு பல்லைக் கடித்தாள்.

"ஐயோ, எவ்ளோ க்யூட்!" என்றாள் ஒட்டடை.

பெரிய வகுப்பறையில் எல்லோரும் உட்கார்ந்ததும் மிஸ் அவர்களை முன்னால் அழைத்தார். உம்மு கடைசி வரிசையில், ஒரு தடித்த அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

முதலில் அம்மா பேசினாள். "எங்க வீட்டுல எந்த விஷயமா இருந்தாலும் அதுல எங்க பொண்ணு இருப்பா. அவளை விட்டுட்டு நாங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசினதில்ல."

உம்மு கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆமா" என்றார் அப்பா. "என் மனைவிகிட்ட ஏதாவது சொல்லணும்னா நான் முதல்ல பொண்ணுகிட்டதான் சொல்வேன். அவ யோசிச்சு, அதுல தேவையில்லாததை எடுத்துட்டு, நல்லதா நாலு வார்த்தை சேத்துக் கொண்டுபோய்ச் சேப்பா."

"அன்னிக்கு உப்பு வேணும்னாக்கூட அவ மூலமாத்தான் கேட்டாரு" என்றாள் அம்மா.

"ஸ்பூன்" என்றார் அப்பா.

"உப்பு."

"நீ சொன்னா சரிதான்."

அறை கைத்தட்டலில் அதிர்ந்தது. பெரியவர்கள் பேச்சில் பிள்ளைகளுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற ஒரு குடும்பத்தை மிஸ் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லையாம். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். தடித்த அப்பா தன் மகனைத் திரும்பிப் பார்த்தார். மகன் ஜன்னலைப் பார்த்தான்.

கூட்டம் கலைந்ததும் ஒட்டடை ஓடிவந்து உம்முவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உம்மு, திங்கக்கிழமை நான் உன் பக்கத்துலயே வந்து உக்காந்துக்கறேன். முன் பெஞ்சுல ஒரே போர். மாடல் பேப்பர் வாயே திறக்கறதில்ல. இத்தனை நாள்ல அவ எங்கிட்ட பத்து வார்த்தை பேசியிருந்தா அதிகம். நானே பேசி நானே பதில் சொல்லிக்கிட்டு..."

"அப்ப எங்கிட்ட மட்டும் என்ன? நானும் பேச மாட்டேனே."

"நீயா?" ஒட்டடை வியப்போடு பார்த்தாள். "இப்பல்லாம் உன்னை நிறுத்தவே முடியலியே."

வெளியே வந்தபோது அப்பாவும் அம்மாவும் காரின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி நின்றார்கள். "உம்மு" என்றாள் அம்மா, "உங்க அப்பாகிட்ட சொல்லு, போறப்ப நான்தான் ஓட்டுவேன்."

எதுவும் மாறவில்லை. கைத்தட்டல் இன்னும் காதில் இருந்தது. ஆனால் வீடு அதே வீடு. "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று உம்மு குழாய்ப் பக்கம் போனாள். ஒரு கை தண்ணீர் குடித்தாள், ஒரு கை முகத்தில் அடித்துக்கொண்டாள். நிமிர்ந்தால், எதிரில் மாடல் பேப்பரின் அம்மா.

"எனக்கு எல்லாம் தெரியும்மா" என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

உம்முவின் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதற்குமேல் தாங்கவில்லை.

"ஆன்ட்டி, ப்ளீஸ் ஆன்ட்டி, மிஸ்கிட்ட சொல்லிடாதீங்க. அவங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்ல. அப்பா டெஸ்ட்ல கம்பத்தையெல்லாம் இடிச்சிட்டாரு, அம்மா யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டாங்க, அதுலேர்ந்து நான்தான் ரெண்டு பக்கமும் போய்ப் போய்ச் சொல்றேன். இவங்க ஒண்ணு சொன்னா நான் ஒண்ணு சொல்லி, இப்ப அம்மாவுக்கு ஏதோ வியாதின்னு அப்பா நினைக்கறாரு, கடையை வித்துட்டாருன்னு அம்மா நினைக்கறாங்க. எனக்கு ராத்திரியெல்லாம் பயமா இருக்கு ஆன்ட்டி. ரெண்டு வீடாயிடுமோன்னு. உங்க வீடு மாதிரி இருந்தா எனக்கு எதுவுமே வேணாம்."

மூச்சு வாங்க நிறுத்தினாள். ஆன்ட்டி அவளை அதிசயத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எவ்ளோ பேசற நீ!" என்றார். குரலில் இருந்தது ஏக்கம்தான். சற்றுத் தள்ளி அவர் கணவர் மகளிடம் குனிந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். மாடல் பேப்பர் "ம்ச்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆன்ட்டி, சொல்ல மாட்டீங்கல்ல?"

"சண்டை எப்பவோ முடிஞ்சிருச்சேம்மா. உங்க அப்பா தினமும் காலைல தெருமுனையில எங்க டிரைவிங் ஸ்கூல் கார்ல ஏறிக்குவாரு. என் வகுப்பு முடிஞ்சதும் அவரு ஓட்டிப் பழகுவாரு. நேத்து நீ என்னென்ன புளுகினேன்னு ரெண்டு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறதுல எனக்கு கியரே விழ மாட்டேங்குது."

உம்மு மைதானத்தைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவும் அம்மாவும் இன்னும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு, மிகவும் சிரத்தையாக, பேசாமல் நின்றார்கள்.

"அப்ப ஏன் ஆன்ட்டி எங்கிட்ட இன்னும்..."

"சமாதானமாயிட்டோம்னு தெரிஞ்சா நீ மறுபடி ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்குவியோன்னு பயந்துக்கிட்டுத்தான். அதைக் கேட்டதுலேர்ந்து, எங்க பொண்ணைப் பேச வைக்க எங்களுக்கும் அதான் வழின்னு பட்டிருச்சு. திங்கக்கிழமையிலேர்ந்து நானும் எங்க வீட்டுக்காரரும் பேசிக்கப் போறதில்ல."